வலிப்புக்குப் பின்னால் ஒரு சிறு கட்டி

மத்திய அரசு அலுவலகமொன்றில் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவதே எமது தொழில். இத்தொழில் செய்வோரை அறிந்தவர்கள் அலுவலகக் காகிதங்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. பத்திரம், நோட்டீசு, மருத்துவச் சீட்டு ஆகிய அனைத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். அவ்வாறே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவர் கையிலிருந்த பையில் கோட்டயத்து மலையாளச் சீட்டும், தேனியின் தமிழ்ச் சீட்டும், மதுரையில் எடுத்த ஸ்கேன் படமும், அதற்குரிய ஆங்கில அறிக்கையும் இருந்தன. நோயாளி அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரன்.

அறிக்கையைப் படித்து, எமக்குத் தோன்றிய தமிழில் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டு போனோம். மூளையின் இடப்புறப் பொட்டு மடலில் 'தரம் குறைந்த கட்டி' ஒன்று இருக்கலாம் என்ற வரி வந்ததும் பெரியவரின் முகம் வாடிவிட்டது. "தரம் குறைஞ்சதுன்னா மட்டமானதுதானே, தம்பி? மட்டமான கட்டின்னா பிள்ளை பிழைக்கிறது கஷ்டம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

குற்றம் எம்முடையதே. அறிக்கை எழுதிய மருத்துவர் நற்செய்தி சொல்லியிருந்தார். அவசரமான தமிழாக்கத்தால் நாம் அதனைத் துக்கச் செய்தியாக்கிவிட்டோம். மூளைக் கட்டிகளை உலகச் சுகாதார நிறுவனம் ஒன்று முதல் நான்கு வரை படிகளாகப் பகுத்துள்ளது. முதல் படியில் நிற்பது மிக மெதுவாக வளர்வது, அல்லது வளராமலே கிடப்பது. நான்காம் படியில் நிற்பது திங்கட் கணக்கில் உயிரைப் பறிக்கவல்லது. படி குறையக் குறைய அச்சமும் குறையும். அன்று முதல் நாம் 'தரம்' என்ற சொல்லை இவ்விடத்தில் விட்டுவிட்டு, 'முதற்படிக் கட்டி' என்றே எழுதி வருகிறோம்.

'கட்டி' என்ற சொல்லும் நமக்குத் தொல்லை தருவதே. தோலில் வரும் சீழ்க்கட்டியும், வெல்லக்கட்டியும், மூளையில் வரும் ட்யூமரும் தமிழில் ஒரே பெயரைப் பெறுகின்றன. மூளையில் கட்டி என்று கேட்டவுடன் புற்றுநோய் என்றே பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். மூளையிலும் உறையிலும் நரம்புகளிலும் தோன்றும் கட்டிகளின் வகைகள் நூற்றுக்கு மேற்பட்டவை என்று அந்நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டிலிருந்து அறிகிறோம். அவற்றுள் கொடியவை உண்டு. ஆயுள் முழுதும் ஒரு தீங்கும் செய்யாமல் கிடப்பவையும் உண்டு.

அச்சிறுவனின் அறிக்கையில் ஐயத்துடன் குறிக்கப்பட்டிருந்தது மிக அரிய ஒரு வகை. அதன் முழுப்பெயர் டிஸ்எம்ப்ரியோபிளாஸ்டிக் நியூரோஎபிதீலியல் ட்யூமர். மருத்துவர்களுக்கே நா சுளுக்கும் பெயராதலால் டி.என்.ஈ.டி. என்று சுருக்கி வழங்குகிறார்கள். கரு வளர்ந்து வரும் காலத்தில் மூளை இழை ஒழுங்குபட அமையாமற் போனதன் எச்சம் இது என்ற கருத்தில் இடப்பட்ட பெயர். கலைச்சொல் அகராதி முறைப்படி இதற்குத் தமிழ்ப் பெயர் புனைய முயன்று, ஒரு முழ நீளச் சொற்றொடர் வந்து நின்றதும் கைவிட்டோம். டி.என்.ஈ.டி. என்ற வழக்கே இங்குப் போதுமானது. மூளைக் கட்டிகள் எல்லாவற்றிலும் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழோதான் காணப்படுகிறது. பெரும்பாலும் பொட்டு மடலில், அதாவது காதுக்கு மேலே நெற்றிப் பொட்டுக்கு உட்புறமாக உள்ள மூளைப் பகுதியில், மேற்பரப்புச் சாம்பல் இழையில் அமர்ந்திருக்கும். இருபது வயதுக்கு முன்பே அறிகுறி காட்டத் தொடங்கும். தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு என்று மற்றக் கட்டிகளுக்குச் சொல்லப்படும் அறிகுறிகள் இதில் அருகியே காணப்படும். இது காட்டும் அறிகுறி ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: வலிப்பு.

வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ள, தரையில் விழுந்து துடிப்பது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பொட்டு மடலிலிருந்து எழும் வலிப்பு அவ்வாறு இருக்கவேண்டுவதில்லை. வயிற்றின் அடியிலிருந்து ஏதோ ஒன்று மார்பை நோக்கி எழும்புவது போன்ற உணர்ச்சி முதலில் வரலாம். காரணமற்ற அச்சம் கவ்வலாம். முன்பின் பார்த்திராத இடம், பலமுறை வந்த இடம் போலத் தோன்றலாம். அடுத்துப் பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும். கூப்பிட்டால் மறுமொழி வராது. உதடுகள் சப்புக்கொட்டும், ஒரு கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துக் குழந்தை மருளமருள விழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் நிற்கும். பெரியவரின் பேரனுக்கு எட்டு வயதிலிருந்தே இப்படி வந்துகொண்டிருந்தது. பள்ளியில் கவனமில்லாதவன் என்றார்கள். வீட்டில் தோட்டத்துச் சோலைப் பக்கம் போய்ப் பயந்துவிட்டான் என்று கயிறு கட்டினார்கள். ஒரு நாள் வகுப்பிலேயே விழுந்து முழு வலிப்பு வந்தபிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நாம் அக்குடும்பத்தைக் குறைகூற மாட்டோம்; சப்புக்கொட்டுவதும் ஒரு வலிப்பு என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

இந்தக் கட்டிக்கு ஒரு பெயர் கிடைத்ததே அண்மைக் காலத்தில்தான். பாரிஸ் நகரத்துச் செயிண்ட் ஆன் மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் காதரீன் தோமா-துய்போர் என்ற அம்மையார், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தாருடன் சேர்ந்து 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக அறுவை செய்யப்பட்ட 39 இளம் நோயாளிகளின் விவரம் அதில் அடங்கியிருந்தது. அவர்கள் தலையிலிருந்து எடுத்த கட்டிகள் நுண்ணோக்கியின்கீழ் ஒரே தனிப்பட்ட அமைப்பைக் காட்டின. பசைபோன்ற குழைவில் நரம்பணுக்கள் மிதப்பதுபோல் நிற்கும். அவற்றைச் சூழ்ந்து சிற்றணுக்கள் வரிசைபிடித்திருக்கும். சிலருக்குக் கட்டியின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டபோதிலும் பல ஆண்டுகள் கழித்தும் அது வளரவில்லை.

மருத்துவ உலகில் 'கேஸ் ரிப்போர்ட்' எனப்படும் இத்தகைய நோயாளி விவரக் கட்டுரைகளை வெறும் ஏட்டுப் படிப்பு என்று எண்ணுவோர் உளர். இந்த 39 பேரின் கதை அவ்வெண்ணத்தை மறுக்கப் போதுமானது. அதற்கு முன்னெல்லாம் இதே கட்டி வேறு பெயர்களால், நாளடைவில் கொடிதாகக்கூடிய கட்டிகளின் பெயர்களால், குறிக்கப்பட்டு வந்தது. அப்பெயர் விழுந்துவிட்ட குழந்தைகளிற் சிலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளித்தார்கள். வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் படிப்பும் நினைவாற்றலும் குன்றும். பிற்காலத்தில் வேறு கட்டி தோன்றவும் இடமுண்டு. தேவையற்ற ஒரு தண்டனை, ஒரு பெயர் தவறாக விழுந்ததால் கிடைத்தது. 1993-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் டி.என்.ஈ.டி.யைச் சேர்த்து, முதற் படியில் வைத்தது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது முதற் படியிலேயே இருக்கிறது. இக்கட்டிகளுட் பலவற்றில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதும் இப்போது தெரியவந்துள்ளது. இம்மாற்றம் அக்கட்டியின் அணுக்களில் மட்டும் நேர்வது. அரிதான சில குடும்பங்களைத் தவிர்த்தால், பெற்றோரிடமிருந்து வருவதன்று.

எம்.ஆர்.ஐ. படத்தில் இது சோப்பு நுரைக் குமிழிகளை அடுக்கினாற் போல் தெரியும். சுற்றிலும் வீக்கம் இராது. எனினும் படத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்ல இயலாது. இதை நாம் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். நம் நாட்டில் வலிப்புள்ள ஒருவரின் ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தால், அது கட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி அறுவை நிபுணர்கள் 1980-களின் இறுதியில் இத்தகைய சிறு புள்ளிகளை எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கியதால் ஏற்பட்டவை என்று கண்டார்கள். அதற்கு முன் அவற்றைக் காசநோய்க் கட்டிகள் என்று கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தது வழக்கம். உண்மையான காசநோய்க் கட்டிகளும் இந்நாட்டில் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை, வேலூர் மருத்துவமனைகளில் மூளைக் கட்டி என்று திறந்து பார்த்தவற்றில் கணிசமானவை காசநோயால் விளைந்தவையே. ஆகவே புழுவா, காசமா, கட்டியா, கட்டியென்றால் எந்தக் கட்டி என்ற வினாக்களுக்கு ஒவ்வொன்றாக விடை கண்டே மேலே செல்லவேண்டும். பல நேரங்களில் மூன்று திங்கள் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பதே தக்க வழியாகும். புழுவின் சுவடு பெரும்பாலும் தானே சுருங்கும். டி.என்.ஈ.டி. அப்படியே இருக்கும்.

கேரளத்தில் இவ்வகை நோய்களுக்கு முறையான கவனிப்பு எப்படி உருவாயிற்று என்பதைச் சிறிது பார்ப்போம். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அப்பணியை ஏற்றார். வலிப்புக்கான அறுவையும் 1952-இலேயே வேலூரில் நடந்துவிட்டது. பின்னர் அது நீண்ட காலம் தேக்கமுற்றிருந்தது, எம்.ஆர்.ஐ. வந்தபிறகே மறுபடியும் தழைத்தது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிலையம், 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அங்கு 1995-இல் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்பு அறுவைத் திட்டம் தொடங்கிற்று. கேரளத்தினரும் தமிழகத்தின் தென் மாவட்டத்தினரும் அங்கு வந்து குழுமுகிறார்கள். அறுவை செய்தெடுத்த இழைகளில் டி.என்.ஈ.டி.யையும், அதன் உடன்பிறப்பென்று சொல்லத்தக்க காங்கிளியோகிளியோமா என்னும் கட்டியையும் அந்நிலையத்தார் ஆய்விதழ்களில் பதிவு செய்துள்ளார்கள்.

அதே குழுவினர் நடுக் கேரளத்தில் 2,38,102 மக்களிடையே வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு 2000-இல் வெளியாயிற்று. 1,175 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐந்து பேர். எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் அந்நாட்டிலேயே கால் பங்கினருக்கு மேல் வலிப்பைப் பைத்தியத்தின் ஒரு வகை என்று எண்ணியிருந்தார்கள் என்ற செய்தியும் அதில் கண்டது.

வலிப்புள்ளவர்களில் மூவரில் இருவருக்கு மாத்திரையே போதும். தக்க மருந்துகள் இரண்டினை உரிய அளவில் ஒழுங்காக உட்கொண்டும் வலிப்பு நிற்காவிடில், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ளவேண்டும் என உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. அந்நிலையில் மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று அடுக்கிக்கொண்டே போவதைவிட, அறுவைக்குத் தகுதி உண்டா என்று ஆராய்வதே நல்லது. எம்.ஆர்.ஐ.யில் டி.என்.ஈ.டி. போன்ற ஒன்று தெரியுமானால் அந்த ஆராய்ச்சியைத் தள்ளிப்போடக்கூடாது. இவ்வகைக் கட்டிகளை முற்றும் எடுத்தவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. வலிப்புத் தொடங்கி ஆண்டுகள் குறைவாயிருந்தால் பயன் மிகுதி. கதிர்வீச்சும் புற்றுநோய் மருந்தும் இதற்குத் தேவையில்லை.

நாம் இதனை மாயமருந்து போல் வருணிக்க விரும்பவில்லை. மண்டையைத் திறப்பது எவ்வகையிலும் சிறு காரியமன்று. இடப்புறப் பொட்டு மடலில் பேச்சுக்கும் சொல் நினைவுக்கும் உரிய இடங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றைத் தொடாமல் எடுக்க முடியுமா என்று அறிய, நாட்கணக்கில் வீடியோவுடன் மூளை மின்னலைப் பதிவு செய்கிறார்கள். நினைவாற்றல் சோதனைகள் நடத்துகிறார்கள். அறுவைக்குப் பின்னும் மாத்திரை உடனே நிற்பதில்லை. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். மிகச் சிலரிடம் கட்டி மீண்டும் தலைகாட்டியதும் பதிவாகியுள்ளது. ஆகவே பல ஆண்டுகள் படம் எடுத்துப் பார்த்துவரவேண்டும்.

எல்லைப் பகுதிகளில் இன்னொரு கேள்வி அடிக்கடி எழுகிறது. ஏலத் தோட்டத்து மருந்தடிப்பாலா, கிணற்று நீராலா, கைப்பேசிக் கோபுரத்தாலா இந்நோய் வந்தது என்கிறார்கள். அக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை, நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் 2004-இல் மூடப்பட்டதை அவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் விளைத்த துயரும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடை செய்ததும் மலையாள நாடு முழுவதும் அறிந்தவை. மருந்தடிப்போர் முகக்கவசமும் கையுறையும் கேட்பது நியாயமான உரிமை. ஆனால் மூளைக் கட்டிக்கு ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்ட காரணங்கள் இரண்டே: மிகையளவுக் கதிர்வீச்சு, சில பரம்பரை நோய்கள். கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று, உலகச் சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்த விரிவான மறுஆய்வு 2024-இல் தெரிவித்தது. கதிர்வீச்சைப் பற்றியும் கேரளத்திலேயே ஒரு சான்று உண்டு. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அங்கு ஏறத்தாழ எழுபதினாயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இரண்டு அரிய கட்டிகள் தென்பட்டால் மனம் உடனே ஒரு காரணத்தைத் தேடும்; தற்செயல் என்பதை ஏற்க மறுக்கும். டி.என்.ஈ.டி.யோ கரு உருவாகும் நாளிலேயே வித்திடப்படுவது. பெரியவரின் மகள், கர்ப்பமாயிருக்கும்போது கொழுந்தெடுக்கப் போனதுதான் தவறோ என்று பல இரவுகள் அழுததாகச் சொன்னார். அவர் செய்த செயல் எதுவும் இதற்குக் காரணமன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு நோயைவிடக் காகிதமே பெருந்தொல்லை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை மக்கள் கோயம்புத்தூருக்கும், குமுளி, மூணாறு மக்கள் தேனிக்கும் மதுரைக்கும் போவது இயல்பு. மருந்து மாறும், மருத்துவர் மாறுவார், முன்னவர் எழுதியது பின்னவர்க்குப் புரியாது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம் என்பவற்றைக் குறியுங்கள். அதைவிட முக்கியம், முதலில் நடந்தது என்ன என்பது. தலை எப்பக்கம் திரும்பிற்று, எந்தக் கை முதலில் இழுத்தது, பேச்சு நின்றதா என்பன மூளையின் எப்பகுதியில் வலிப்புப் பிறக்கிறது என்று மருத்துவர்க்குக் காட்டும் கைகாட்டிகள். சொந்தத் தமிழில் எழுதினாற் போதும். 'ஃபிட்ஸ் வந்தது' என்ற இரண்டு சொற்களைவிட 'வயிறு புரளுது என்று சொல்லிவிட்டு முறைத்துப் பார்த்தான்' என்பது பெருமதிப்புள்ள குறிப்பு. கைப்பேசியில் படம் பிடிக்க முடிந்தால் இன்னும் நன்று. எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளோடு படத்தகட்டையும் பத்திரப்படுத்துங்கள். அறுவை நடந்தால், எடுத்த இழையின் மெழுகுக் கட்டையும் கண்ணாடி வில்லையும் வேறு மருத்துவமனை கேட்டால் பெற்றுத்தரலாம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்; அரிய கட்டிகளுக்கு இரண்டாம் கண் பார்ப்பது வழக்கமே. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, அங்கு செல்லுமா என்பதைப் புறப்படுமுன் கேட்டுத் தெளிவது பின்னர் வரும் அலைச்சலைக் குறைக்கும். மாத்திரையை மட்டும், ஊர் மாறும் நாளில்கூட, இடையில் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே கேடாகலாம்.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் ஊர்களில் இன்னும் காணப்படுகிறது. சாவியினால் பயனில்லை, வாயில் கரண்டி நுழைப்பதால் பல் உடையும். ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரம் பார்ப்பதே செய்யத்தக்கது. ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

எமது அலுவலுக்கு நெருங்கிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலும், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 'வலிப்பு' என்ற சொல் சித்தக் கோளாற்றை அடுத்து, மணத்துக்குத் தடையாக இடம் பெற்றிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வொரு சொல்லை நீக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிவிட்டது. பெண் பார்க்க வருவோரின் வாயிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

பெரியவரின் பேரனுக்கு அவ்வாண்டு தை மாதம் அறுவை நடந்தது. இழை ஆய்வறிக்கை வந்ததும் மறுபடியும் எம் திண்ணைக்கு அதனைக் கொண்டுவந்தார். இம்முறை நாம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னோம்: டி.என்.ஈ.டி., முதற் படி. "முதல் படின்னா வாசப்படிதானே, தம்பி? உள்ளே வரலையே?" என்று கேட்டார். ஆம் என்றோம். அறிக்கையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூணாறு பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்.